எதிர்வீட்டம்மாவின் கைராசி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்து, "கோமுகி ஆத்தோரம், லேஅவுட்" என்று சொன்னால் டிரைவர் கொஞ்சம் யோசிப்பார். "மரமா இருக்குமே, அங்க" என்றால் உடனே வண்டியை எடுத்துவிடுவார். எனக்கு அந்த இரண்டாவது அடையாளத்தைச் சொல்லவே பிடிக்காது. அந்த மரங்களில் பாதிக்கு மேல் எங்கள் எதிர்வீட்டம்மா வைத்தது. அந்தம்மாவுக்குக் கைராசி என்று தெருவே சொல்லும். நானும் அதே தெருவில்தான் இத்தனை வருஷமாக இருக்கிறேன். எனக்கும் இரண்டு கை இருக்கிறது.

அந்தம்மா இப்போது இங்கே இல்லை. ஊரை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஆனாலும் கேட்டைத் திறந்து வெளியே வந்தால் தலைக்கு மேல் அந்தம்மாவின் புங்கமரம்தான் இருக்கிறது. நிழலில் நின்றுகொண்டே எரிச்சல்படுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் வடக்கனந்தலில் இருந்து இங்கே குடிவந்தபோது இது வெறும் பொட்டல். கரும்புக் கொல்லையை மட்டம் போட்டு, மஞ்சள் கல் நட்டு, மனை பிரித்து விற்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து வாத்தியார். மகளை டவுனில் படிக்க வைக்க வேண்டும் என்று லோன் போட்டுக் கட்டினோம். தெருக்கோடியில் ஆறு. ஆறு என்றால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலும் முள்ளும்தான். மலையில் மழை பிடித்து அணையைத் திறந்தால் மட்டும் சிவப்பாகத் தண்ணீர் வரும், எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மற்ற நாளில் வெயில், வெயில், வெயில். சாயங்காலம் வரைக்கும் சுவரில் கை வைக்க முடியாது.

எதிர்வீட்டம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். நாங்கள் வந்த பிறகு கொஞ்ச வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஓசூரில். அந்தம்மா தனியாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வீட்டில் நான் ஒருநாளும் தனிமையைப் பார்த்ததில்லை. காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். என் வீட்டில் மூன்று பேர் இருந்தும் மிக்சி சத்தம்தான் கேட்கும்.

கைராசி என்பது எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. முதலில் கட்டிய வீட்டுக்காரர்கள் ஏதோ ஒரு கன்றை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், அப்புறம் அது தெருவின் வழக்கமாகவே ஆகிவிட்டது. புதுசாக யார் வீடு கட்டிப் பால் காய்ச்சினாலும் ஐயர் போன கையோடு எதிர்வீட்டம்மாவைக் கூப்பிடுவார்கள். வாசலில் முதல் கன்று அந்தம்மா கையால்தான். அந்தம்மாவும் நல்ல நேரம், மஞ்சள், குங்குமம் என்று எதுவும் பார்க்காது. வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கன்றைக் குழியில் இறக்கி, உள்ளங்கையால் மண்ணை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போய்விடும். திரும்பிக்கூடப் பார்க்காது.

"தண்ணி ஊத்துங்க. ஆனா தெனம் வந்து எட்டி எட்டிப் பாக்காதீங்க. பாத்துக்கினே இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்கும்" என்று சொல்லும். எல்லா வீட்டிலும் இதே வசனம்தான். எல்லாரும் ஏதோ வேதவாக்கு கேட்ட மாதிரி தலையாட்டுவார்கள்.

நான் கூப்பிடவில்லை. கறிவேப்பிலைக் கன்று ஒன்றை நர்சரியில் நானே பார்த்து வாங்கி, நானே வைத்தேன். வாடாமல் இருக்க ஓலை கட்டினேன், எரு போட்டேன், காலையில் எழுந்ததும் முதலில் போய் அதைத்தான் பார்த்தேன். பத்து நாள் ஆகியும் ஒரு தளிர் இல்லை. வேர் விட்டிருக்கிறதா என்று லேசாகப் பிடுங்கிப் பார்த்தேன். விட ஆரம்பித்திருந்தது. திரும்பப் புதைத்தேன். அதற்கப்புறம் அது பிழைக்கவில்லை. அடுத்த கன்றை ஆடு தின்றது. அதற்கடுத்த கன்றைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

"கூப்ட்டு வெக்கச் சொல்லேன். ஒரு கறிவேப்பிலைக்குப் போயி இன்னா கவுரவம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கடையில காய் வாங்கினா சும்மாவே குடுக்கறான். நமக்கு எதுக்கு மரம்?" என்றேன்.

அந்தம்மா விஷயம் தெரிந்துதான் செய்ததோ, தெரியாமல்தான் செய்ததோ, வாரத்துக்கு ஒருமுறை ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொண்டுவந்து கேட் மேல் செருகிவிட்டுப் போகும். அதைக் குழம்பில் போட்டால் தெருமுனை வரைக்கும் மணக்கும். மணக்க மணக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தம்மாவிடம் இன்னொரு பழக்கம். யார் வீட்டுக்கும் உள்ளே வராது. கேட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "உள்ளல்லாம் வரல, வேல கெடக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் நிற்கும். பேசுவதை விடக் கேட்பதுதான் ஜாஸ்தி. மாமியார் சண்டை, மார்க் குறைந்தது, டிரான்ஸ்பர் கிடைக்காதது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "வுடு, அதுவா சரியாவும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். இதையே நான் சொன்னால், "உங்களுக்கென்ன, சொல்லுவீங்க" என்பார்கள். அந்தம்மா சொன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகப் போவார்கள். ஒரே வார்த்தைதானே? எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்மாள் சாமை, புளி, தேன் எல்லாம் கொண்டுவரும். தெருவில் வீடு வீடாக வரும். என் வாசலில் நான் பேரம் பேசி, படியைத் தலைதட்டாமல் அளக்கச் சொல்லி, சண்டை பிடித்து வாங்குவேன். அதே அம்மாள் எதிரே போய்க் கூடையை இறக்கியதும் கால் நீட்டி உட்கார்ந்துவிடும். அளந்த பிறகு கேட்காமலேயே இன்னொரு கை அள்ளிப் போடும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"இன்னாம்மா, அங்க மட்டும் அள்ளி அள்ளிப் போட்ற? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

அது கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே, "நீங்க படியவே பாத்துக்கினு இருக்கீங்கம்மா, எனக்கு கை நடுங்குது" என்றது.

மரங்கள் வளர்ந்தன. புங்கை, வேம்பு, மகிழம், சரக்கொன்றை. தெருவே குகை மாதிரி ஆகிவிட்டது. வெளியே நூறு டிகிரி கொளுத்தினாலும் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் வேர்வையில் நனைந்த சட்டை காயும். சாயங்காலம் வாக்கிங் போகிறவர்கள் டவுனிலிருந்து வண்டி போட்டு வந்து இங்கே நடக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் கட்டிக்கொண்டு போட்டோ எடுப்பது இப்போது எங்கள் மகிழமரத்தடியில்தான். புரோக்கர்கள், "நிழல் லேஅவுட் சார், மனை காலியே இல்ல" என்று உளுந்தூர்பேட்டைக்காரர்கள் வரைக்கும் அழைத்துவந்து காட்டுகிறார்கள்.

ஒருநாள் யூடியூபில் போடுகிறோம் என்று இரண்டு பையன்கள் கேமராவோடு வந்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன். தெருவின் வரலாறு, ஆற்றின் வரலாறு, சுத்தமாக வைத்துக்கொள்ள நாங்கள் படும் பாடு, எல்லாவற்றையும் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர்கள் நேராக எதிரே போனார்கள். அந்தம்மா நைட்டியோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றது. "நான் இன்னாப்பா பண்ணேன்? வெச்சேன், அதுங்களா வளந்துது" என்றது. அதற்கே ஏகப்பட்ட லைக்காம். வீடியோவில் ஒரு ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது. என் மகள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

மரம், சாமை, வீடியோ எல்லாம் போகட்டும். அதை எல்லாம் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். என் மகள் விஷயம்தான் என்னால் முடியவில்லை.

எனக்கு ஒரே மகள். அவளுக்குச் சோறு ஊட்டும்போது ஸ்பூனில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன். பரீட்சை என்றால் நானும் எழுந்து உட்காருவேன். காலேஜ் பஸ் கொஞ்சம் தாமதம் என்றால் தெருமுனையில் நிற்பேன். அவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தவள், காலேஜ் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே என்ன இருக்கிறது? ஒரு பழைய டிவி, ஒரு முறம், முறத்தில் ஏதாவது புடைத்துக்கொண்டு அந்தம்மா. "அங்க போயி இன்னாதான்டி பேசுவ?" என்று கேட்டால், "ஒண்ணும் பேச மாட்டோம்மா. சும்மா உக்காந்திருப்போம்" என்பாள். அதுதான் என்னை அதிகம் சுட்டது. பேச விஷயம் இருந்து போனால்கூடப் பரவாயில்லை.

ஒருநாள் அந்தம்மா என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஒண்ணு சொல்றேன், பதறாத. நம்ம பாப்பா ஒரு பையனப் பாத்திருக்கு. சின்னசேலம். நல்ல பையன், பேங்க்ல இருக்கறான். உங்கிட்ட சொல்ல பயந்துக்கினு இருக்குது."

காதல் என்றதும் நான் ஆடிப்போனேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் இல்லை. பையனை எனக்கும் பிடித்துவிட்டது, ஜாதியும் ஒத்துவந்தது, கல்யாணமும் ஜாம் ஜாமென்று நடந்தது. என் வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. பெற்றவள் நான் இருக்கிறேன், முதலில் அந்தம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

மகள் முழுகாமல் இருந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் சேனைப் பேச்சு வந்தது. பிறந்த குழந்தையின் நாக்கில் யார் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய குணம்தான் அதற்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சேனை வைப்பது யார் என்பதில் எத்தனையோ சம்பந்திச் சண்டை நடந்திருக்கிறது. என் சம்பந்தியம்மா நல்ல மாதிரி, "உங்க வூட்லதான பொறக்குது, நீங்களே வையுங்க" என்று விட்டுக்கொடுத்துவிட்டார். நான் அதற்கென்று ஒரு சின்ன வெள்ளிச் சங்கு வாங்கிப் பீரோவில் வைத்திருந்தேன்.

தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அம்மா, கோச்சுக்காத. சேனை எதுத்த வூட்டுப் பெரிம்மா வெக்கட்டும்மா."

"ஏன், எனக்கு இன்னா கொறச்சல்?"

"உனக்குக் கொறச்சலே இல்லம்மா. எல்லாமே ஜாஸ்தி. கோவம் ஜாஸ்தி, பாசம் ஜாஸ்தி, பயம் ஜாஸ்தி. நான் வளந்துட்டேன். எங்கொழந்தயாவது கொஞ்சம் காத்தாட வளரட்டும்."

தோசை கருகியது. அதை அப்படியே சுருட்டி அவள் தட்டில் போட்டேன். அவள் அதையும் தின்றாள்.

அந்தம்மாவிடம் கேட்டால் மறுத்துவிடும், பெரிய மனுஷி, சொந்தப் பாட்டி இருக்கும்போது நான் எப்படி என்று சொல்லும் என்று நான் நம்பினேன். அந்தம்மா நேராக என் கேட்டுக்கு வந்தது.

"பாப்பா இந்த மாரி கேக்குது. உனக்கு சம்மதமா?"

"எனக்கென்னங்க, தாராளமா வையுங்க" என்றேன்.

என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தது. "சம்மதம் இல்லாத மாரி கீதே?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"சரி, அப்ப வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயே விட்டது. இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? ஒப்புக்குச் சொல்கிறோம் என்று புரிய வேண்டாமா? வயசு மட்டும் ஆனால் போதுமா?

ஆஸ்பத்திரியில் பிரசவமானது. பேத்தி. துணியில் சுற்றிக்கொண்டு வந்த நர்சம்மா எங்கள் கும்பலைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். "சேனை, சர்க்கரத் தண்ணி, தேன், ஏன், பச்சத் தண்ணிகூட கொழந்த வாயில படக் கூடாது. தாய்ப்பால் மட்டுந்தான். யாராவது வெச்சீங்க, வார்டுக்குள்ள விட மாட்டேன்." எனக்கு அந்த நர்சம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் இல்லையென்றால் அந்தம்மாவும் இல்லை. கணக்கு சரியாகிவிட்டது என்று மூச்சு விட்டேன். அதற்குள் உள்ளேயிருந்து, மயக்கம் தெளிந்தும் தெளியாத குரலில் என் மகள் சொல்கிறாள்: "மொதல்ல பெரிம்மா கையில குடுங்க."

அந்தம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கியது. கொஞ்சவில்லை, முகத்தோடு முகம் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்து, "நல்லா கீது" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டியது. நான் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் உண்டு. அன்று சாயங்காலம் அங்கே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சுகமாக இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும் என்று வேண்டுவதை எல்லாம் முதலில் வேண்டிக்கொண்டேன். அப்புறம், "யார் கையில முதல்ல இருந்தா என்ன, இது எங்க வீட்டுப் பிள்ளை. என் குணம்தான் இதுக்கு வரணும்" என்றேன். என் குணம் வேண்டும் என்று சாமியிடம் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சாமி கேட்டது. மகள் டவுனிலேயே குடியிருந்து பிரைவேட் ஸ்கூலில் வேலைக்குப் போக ஆரம்பித்ததால் பகலில் குழந்தை "ஆயா, ஆயா" என்று என்னிடம்தான் இருந்தது. நடக்க ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. தன் டம்ளரில் வேறு யாராவது தண்ணீர் குடித்தால் டம்ளரையே தூக்கி எறியும். பொம்மையை எடுத்த பிள்ளையைத் தெருக்கோடி வரைக்கும் துரத்தும். அப்பா அம்மாவிடம் பேசினால் அம்மா வாயைப் பொத்தும். பொம்மைகளை எண்ணித்தான் படுக்கும்.

"அப்படியே நீதாம்மா" என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அதுக்கு நான் இன்னாடி பண்ணுவேன்? ரத்தம்" என்றேன். உள்ளே எனக்குத் திருவிழா. பால்காரர், வாக்கிங் வருகிறவர்கள், கீரைக்காரி, ஒருத்தர் விடாமல் சொன்னேன். "கைராசி எல்லாம் மரத்தோட சரி" என்றும் சொன்னேன். எதிர்வீட்டம்மா காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மூட்டு வலி அதிகமாகி அந்தம்மாவால் தனியாக இருக்க முடியவில்லை. ஓசூர் மகன் வந்து வீட்டை விற்று முடித்தான். புறப்படும் அன்று காலையில் மினி லாரி வந்து நின்றது. கட்டில், பீரோ, முறம் எல்லாம் ஏறின. தெருவே வந்து நின்றது. ஆளாளுக்கு அழுதுகொண்டிருந்தார்கள். சாமை கொண்டுவரும் மலையம்மாள்கூட எப்படியோ கேள்விப்பட்டுக் கூடையோடு வந்திருந்தது. நான் அழவில்லை. இனிமேல் இந்தத் தெருவில் மூச்சு விடலாம் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, மகளும் வந்திருந்தாள். பேத்திக்கு அப்போது நாலு வயசு. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தம்மா வேப்பமரத்தடியில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தது. ஓசூரிலிருந்து மகனோடு வந்திருந்த அதன் சொந்தப் பேரன், ஐந்து வயசுப் பையன், விளையாடிக் களைத்து வந்து அந்தம்மா மடியில் ஏறி உட்கார்ந்தான். அந்தம்மா அவன் தலையைக் கோதியது.

என் கையிலிருந்த கை காணாமல் போனது. நான் பார்ப்பதற்குள் பேத்தி அங்கே போய்விட்டாள். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எறங்குடா! எறங்கு! இது என் ஆயா!" அவன் இறங்கவில்லை. கையைக் கடித்துவிட்டாள். அவன் அலறினான். ஓசூர் மருமகள் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த தெரு முழுக்கச் சிரித்தது.

"பாரும்மா, உன்ன உரிச்சு வெச்சிருக்கு" என்றாள் மகள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு துளி கம்மி இல்லாமல் அப்படியே இறங்கியிருந்தது.

போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போனேன். பேத்தி அந்தம்மா காலைக் கட்டிக்கொண்டு, புடவையில் முகத்தைப் புதைத்திருந்தாள். "வாடா கண்ணு, வண்டி கெளம்பணும். ஆயாகிட்ட வா" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தனக்குச் சேர வேண்டியதைப் பறிக்க வந்தவளைப் பார்க்கிற பார்வை அது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று அந்தம்மாவை இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.